வேலூர் வெயில்ல வீட்டுத் தேனீ: பெட்டி, எறும்பு, கொடுக்கு, முதல் வருஷம்

"ணா, மாடியில ரெண்டு பெட்டி வச்சா மாசம் ஒரு பாட்டில் தேன் வருமா?" இந்தக் கேள்வியை என்கிட்ட கேக்காத ஆளே கிடையாது. வராதுங்க. நம்ம ஊர்ல ஒரு நல்ல பெட்டியில வருஷத்துக்கு மூணு நாலு கிலோ எடுத்தா சந்தோஷப்படலாம், முதல் வருஷம் அதுவும் எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். தேனுக்காக ஆரம்பிக்கிறவங்க ஆறு மாசத்துல காலி பெட்டியை மாடிப்படிக்கு அடியில தூக்கிப் போட்டுடறாங்க, ஈயை வேடிக்கை பாக்கப் பிடிச்சவங்க மட்டும்தான் நிக்கிறாங்க. நானும் முதல்ல பாட்டில் கணக்கு போட்டவன்தான். என் முதல் கூட்டம் ஒரே மதியத்துல போச்சு, அதைக் கீழ சொல்றேன்.

எனக்கு வீடு லத்தேரி பக்கம், வேலை காட்பாடியில. வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு வேம்பு, மதிலுக்கு அந்தாண்ட பக்கத்துக்காரரோட மாந்தோப்பு. இது மாதிரி இடம் இருந்தா போதும், ஏக்கர் கணக்குல நிலம் தேவையில்ல. ஈ ஒரு கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல போய் மேஞ்சுட்டு வரும், அது யாரு பட்டான்னு கேக்காது.

எந்த ஈ?

நம்ம பக்கம் பாக்குறது நாலு வகை. தண்ணி டேங்க்குக்கு அடியில, பெரிய ஆலமரத்துல ஒரே அடையா பெருசா தொங்குமே, அது மலைத்தேனீ. அதைப் பெட்டியில வளர்க்க முடியாது, கிட்டவும் போகாதீங்க. வேலிச் செடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு அடை கட்டுறது கொம்புத்தேனீ, அதுவும் பெட்டிக்கு வராது. செவுத்து ஓட்டையில மெழுகுக் குழாய் மாதிரி வாசல் வச்சுக்கிட்டு கொசு சைஸ்ல பறக்குறது கொசுத்தேனீ, கொட்டாது, சட்டியிலயும் மூங்கில்லயும் வளர்க்கலாம், தேன் கொஞ்சூண்டுதான் வரும். நமக்கு வேண்டியது மரப்பொந்துல, பழைய கிணத்துச் செவுத்துல, கரண்ட் மீட்டர் பெட்டிக்குள்ளகூட இருட்டுல அடுக்கடுக்கா அடை கட்டுற அடுக்குத்தேனீ, இந்தியத் தேனீன்னு சொல்றது. சயின்ஸ் பேரு ஏபிஸ் செரானா இண்டிகா.

இத்தாலியத் தேனீன்னு ஒண்ணு விப்பாங்க, தேன் பல மடங்கு வரும்னு சொல்லுவாங்க. வரும்தான், ஆனா பூ எங்க இருக்கோ அங்க பெட்டியை லாரியில தூக்கிட்டு ஓடணும், உண்ணிக்கு வருஷம் முழுக்க வைத்தியம் பாக்கணும். அது தொழில் பண்றவங்களுக்கு. வீட்டுல ரெண்டு பெட்டி வச்சிக்கிறவங்க நம்ம ஈயோட நிறுத்திக்கோங்க.

எப்ப ஆரம்பிக்கிறது

கடை கண்ணியில பெட்டி கிடைக்குதுன்னு சித்திரையில வாங்காதீங்க. ஐப்பசி கார்த்திகை மழை ஓஞ்சதும் மார்கழி கடைசி, தை, அதுதான் நமக்கு நேரம். தையில மா பூக்கும், அதுக்குப் பின்னாடியே புங்கன், வேம்பு, நாவல், அப்புறம் புளின்னு வரிசையா வரும், தென்னம்பாளை வருஷம் பூரா மகரந்தம் குடுக்கும். புதுக் கூட்டம் அந்த நேரத்துல கால் ஊணிட்டா கத்திரி வெயிலைத் தாங்கும்.

ஒரு விஷயம் பல பேர் தப்பா நெனைக்கிறாங்க. நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க இல்ல, உடனே எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கத்திரித் தோட்டத்துக்கு நடுவுல பெட்டி வச்சா தேன் கொட்டும்னு கெளம்பிட்டாரு. கத்திரிப் பூவுல தேனே கிடையாதுங்க. மகரந்தம் மட்டும்தான், அதுவும் பூவைப் புடிச்சு உலுக்கினாதான் கொட்டும், அந்த வேலையைச் செய்யறது கருவண்டு மாதிரி இருக்கிற தச்சத் தேனீ. நம்ம ஈக்கு அந்த வித்தை தெரியாது. கத்திரி இருக்குதான்னு பாக்காம மரம் இருக்குதான்னு பாருங்க.

பெட்டி

நம்ம ஈக்கு தமிழ்நாட்டுல ரொம்ப காலமா ஓடுறது நியூட்டன் பெட்டி. 1910 வாக்குல திருச்சிப் பக்கம் நியூட்டன்னு ஒரு பாதிரியார் நம்ம ஈயோட சைஸுக்குன்னு செஞ்சது. கீழ அடிப்பலகை, அதுக்கு மேல ஏழு சட்டம் (ஈ அடை கட்டறதுக்கான மரச் சட்டம், தனித்தனியா தூக்கி எடுக்கலாம்) வச்ச புழு அறை, ராணி முட்டை போடறது அதுலதான், அதுக்கு மேல உயரம் கம்மியான தேன் அறை, அப்புறம் உள்மூடி, மேல்மூடி. மார்த்தாண்டம் பக்கம் செய்யற பெட்டியும் நல்லாருக்கும். எதை வாங்கினாலும் ரெண்டு பெட்டியும் ஒரே மாடல்ல வாங்குங்க. ஒரு பெட்டியோட சட்டம் இன்னொண்ணுல உக்காரலன்னா அவசரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது, மொட்டைமாடியில முகவலையோட நின்னுக்கிட்டு ரம்பம் தேடுவீங்க.

ஊர் ஆசாரிகிட்ட குடுத்து செய்யலாமான்னா, செய்யலாம், ஆனா சட்டத்துக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல விடற சந்து முக்கியம். அது ஒரு ஈ தாராளமா நடந்து போற அளவு, நம்ம ஈக்கு சுமார் 7 லருந்து 9 மில்லிமீட்டர். அதைவிட அகலம் விட்டா அங்க ஒரு அடையைக் கட்டி ஒட்டிடும், கம்மியா விட்டா மெழுகு வச்சு அடைச்சுடும், ரெண்டுலயும் சட்டம் வெளிய வராது. 1851ல லாங்ஸ்ட்ராத்னு ஒரு அமெரிக்கர் இந்தச் சந்து கணக்கைக் கண்டுபுடிச்ச அப்புறம்தான் சட்டத்தைத் தூக்கி தூக்கிப் பாக்குற பெட்டியே வந்துச்சு. எங்க ஆசாரி "நாலு மில்லி முன்ன பின்ன இருந்தா இன்னா கெட்டுடப் போவுது"ன்னாரு. அந்தப் பெட்டி இப்ப எங்க வீட்டுல செருப்பு வைக்கிறதுக்கு இருக்கு.

பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டும் அடிங்க, வெளிர் கலர்ல. உள்ள ஒண்ணும் பூசாதீங்க.

ஒரு பெட்டி வேணாம், ரெண்டா ஆரம்பிங்க. ஒண்ணு மட்டும் இருந்தா எது சரி எது தப்புன்னே தெரியாது. ரெண்டு இருந்தா "அதுல மகரந்தம் வருது, இதுல வரல"ன்னு கண்ணுக்குத் தெரியும். ஒண்ணுல ராணி செத்தா இன்னொண்ணுலருந்து புது முட்டை இருக்கிற ஒரு சட்டத்தைக் குடுத்தா அதுங்களே புது ராணி வளர்த்துக்கும், முட்டையிலருந்து ராணி வெளிய வர்றதுக்கு சுமார் 16 நாள்.

கூட்டத்தோட வாங்குறவங்க மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. நான் முதல் தடவை வாங்கினப்ப விக்கிறவர் மூடியை லேசா தூக்கி "பாருங்க எவ்ளோ ஈ"ன்னு காட்டினாரு, நானும் தலையாட்டிட்டு காசு குடுத்துட்டு வந்துட்டேன். ஒரு பெட்டியில ராணியே இல்ல. ஈ கூட்டமா இருந்தா போதாது, அடையைத் தூக்கி வெயில் முதுகுப் பக்கம் விழற மாதிரி நின்னு அடையில இருக்கிற குட்டி குட்டி அறைக்குள்ள பாருங்க, குட்டி அரிசி நொய் மாதிரி ஒரு அறைக்கு ஒரு முட்டை நிக்கணும். ஒரே அறையில ரெண்டு மூணு முட்டை செவுத்துல தாறுமாறா ஒட்டியிருந்தா ராணி செத்து ரொம்ப நாளாச்சு, வேலைக்கார ஈயே முட்டை போட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், அதுலருந்து ஆண் ஈ மட்டும்தான் பொறக்கும். அந்தப் பெட்டியை வாங்காதீங்க.

பொந்துலருந்து புடிச்சு வைக்கிறவங்களும் இருக்காங்க. ஜவ்வாது மலை அடிவாரத்துக்காரர் ஒருத்தர்தான் எனக்குக் காமிச்சுக் குடுத்தாரு. அடையை ஒவ்வொண்ணா அறுத்து, தேன் இருக்கிற மேல்பாகத்தைத் தனியா எடுத்துட்டு, புழு இருக்கிற பாகத்தை சட்டத்துக்குள்ள வச்சு வாழை நாரால கட்டணும். நைலான் கயிறு போட்டா அடை அறுந்துடும், ஈயாலயும் அதைக் கடிச்சு எடுக்க முடியாது. வாழை நாரை ரெண்டு மூணு நாள்ல அடையை சட்டத்தோட ஒட்டிக்கிட்டு அதுங்களே கடிச்சு இழுத்து வாசல்ல தள்ளிடும், அதைப் பாக்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. ராணியைக் கண்டுபுடிச்சு உள்ள விட்டுட்டா மத்ததெல்லாம் தானா உள்ள நடந்து போவும். வாசல்ல ராணி தடுப்பு கேட் ஒரு வாரம் போட்டு வைங்க, வேலைக்கார ஈ மட்டும் நுழையற அளவுக்கு அதுல ஓட்டை இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல போடாதீங்க, ஆண் ஈ மாட்டிக்கிட்டு வாசலை அடைச்சுடும். இதைத் தனியா முதல் தடவையிலயே பண்ணாதீங்க, தெரிஞ்சவங்களோட ரெண்டு தடவை கூட போய்ட்டு வாங்க. விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, நேரா போய் தேனீ பயிற்சி எப்பன்னு கேளுங்க. நாலு வீடியோ பாக்குறதுக்கு ஒரு நாள் கையால சட்டம் தூக்கிப் பாக்குறது மேல்.

எங்க வைக்கிறது: என் கூட்டம் போன கதை

இதைத்தான் நான் சத்தம் போட்டு சொல்லணும்னு நெனைக்கிறேன். வெளியூர்ல எழுதுற வழிகாட்டியில எல்லாம் "வெயில் படற இடத்துல வைங்க"ன்னு இருக்கும். அது குளிர் ஊர்க்காரனுக்கு எழுதினது. வேலூர்ல மே மாசம் 42, 43 டிகிரி சர்வ சாதாரணம்.

நான் முதல் பெட்டியை மொட்டைமாடியில வச்சேன். கீழ குழந்தைங்க விளையாடறாங்க, மாடியில தொந்தரவு இல்லன்னு கணக்கு. தை மாசி பங்குனி எல்லாம் அமோகமா போச்சு. கத்திரி வெயில் ஆரம்பிச்சு நாலாவது நாள், காலைல வேலைக்குப் போகும்போது பாத்தேன், வாசலுக்கு வெளிய ஈ கொத்தா தாடி மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. சரி காத்து வாங்குது போலன்னு வண்டியை எடுத்துட்டுப் போய்ட்டேன். சாயந்திரம் வந்தா ஒரு சத்தமும் இல்ல. மூடியைத் தூக்கினா நடுவுல இருந்த மூணு அடை மெழுகு இளகி சட்டத்தை விட்டு சரிஞ்சு அடிப்பலகையில மடிஞ்சு கிடக்கு, தேன் வழிஞ்சு வாசல் வழியா மாடித் தரையில ஓடி காஞ்சு போயிருக்கு, அதுல சிக்கின ஈ ஒரு கைப்பிடி. மிச்சம் எல்லாம் ஓடிப்போச்சு. நம்ம ஈக்கு பிடிக்கலன்னா கூட்டோட கெளம்பிடும், அது அதோட குணம்.

அது தாடி விட்டு தொங்கும்போதே நான் பெட்டியைத் தூக்கி நிழல்ல வச்சிருக்கணும்னு கேட்டா, அதுவும் முடியாது. ஈ தன் வாசலை இடம் வச்சுதான் ஞாபகம் வச்சுக்கும், பகல்ல நகத்தினா வெளிய போன ஈ எல்லாம் பழைய இடத்துக்கே வந்து சுத்தும். நகத்தணும்னா ராத்திரி வாசலை மூடிட்டு, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு அடிதான், இல்லன்னா ஒரேயடியா மூணு கிலோமீட்டர் தள்ளி கொண்டு போய் ரெண்டு வாரம் வச்சுட்டு திருப்பி எடுத்துட்டு வரணும். அதான் முதல் நாளே இடம் சரியா பாக்கணும்.

சரியான இடம்னா: மரத்து நிழல், வேம்பு புங்கன் ரொம்ப நல்லது. வாசல் கெழக்குப் பார்த்து இருந்தா காலை வெயில் பட்டு சீக்கிரம் வேலைக்குப் போவும், மதியத்துக்கு மேல நிழல் வந்துடணும். கான்கிரீட் தரைக்கு மேல, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில வேணாம். வாசலுக்கு முன்னாடி பத்தடி ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. ராத்திரி லைட் நேரா அடிக்கிற இடம் வேணாம், லைட்டைப் பாத்து வெளிய வந்து செத்துடும். மாடு, ஆடு, நாய் கட்டற இடத்துக்குப் பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க. ஆள்னா ஓடிடுவோம், கட்டிப்போட்ட மாடு எங்க ஓடும்?

கோடையில மேல்மூடி மேல கோணிப்பை நனைச்சுப் போடுங்க, மதியம் ஒரு தடவை நனைக்க வீட்டுல யாருகிட்டயாவது சொல்லி வைங்க, எங்க வீட்டுல அம்மா பண்றாங்க. அடையை 34, 35 டிகிரியில வச்சுக்கதான் ஈ பாடுபடும், தண்ணி கொண்டு வந்து அடை மேல தெளிச்சு ரெக்கையால விசிறும், நம்ம வீட்டு ஏர் கூலர் வேலைதான் அது. நம்ம ஈ விசிறும்போது தலையை வெளிப்பக்கம் காமிச்சு நிக்கும், இத்தாலிக்காரி உள்பக்கம் பாத்து நிக்கும், கவனிச்சுப் பாருங்க. அதனால பக்கத்துல தண்ணி வேணும். அகலமான மண்சட்டியில கூழாங்கல்லும் தேங்காய் நாரும் போட்டு தண்ணி ஊத்தி வைங்க, கல்லு வெளிய தெரியணும், இல்லன்னா முங்கி செத்துடும். நீங்க வைக்கலன்னா பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போவும், அப்புறம் சண்டை உங்களுக்குத்தான்.

வாசலைப் படிக்கக் கத்துக்கோங்க

புதுசா வாங்கினவங்க தினமும் திறந்து பாப்பாங்க. நீங்க சோறு துன்ற நேரம் எல்லாம் எவனாவது வீட்டுக் கூரையைத் தூக்கிப் பாத்தா எப்படி இருக்கும்? பத்து பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை திறந்தா போதும். மத்த நாள்ல காலைல டீயை எடுத்துட்டுப் போய் வாசலுக்குப் பக்கவாட்டுல உக்காருங்க, நேர் எதுர்ல உக்காந்தா பறக்கற வழியை மறிப்பீங்க.

பின்னங்கால்ல மஞ்சளா ஆரஞ்சா உருண்டை ஒட்டிக்கிட்டு வந்தா மகரந்தம் வருது, மகரந்தம் நெறைய வந்தா பொதுவா உள்ள புழு இருக்கு, ராணி வேலை செய்யறா. மதியம் மூணு மணி வாக்குல ஒரு கூட்டம் பெட்டியைப் பாத்தபடியே முன்னாடி ஏறி இறங்கி ஆடினா பயப்படாதீங்க, சின்ன ஈங்க வாசலை அடையாளம் பாத்துக்குதுங்க, பத்து நிமிஷத்துல அடங்கிடும். அடங்காம ஒண்ணோட ஒண்ணு கட்டிப் பொரண்டு சண்டை போட்டா அது திருட்டு, வேற கூட்டம் கொள்ளையடிக்க வந்திருக்கு, உடனே வாசலை ஒரு ஈ போற அளவுக்கு சின்னதாக்குங்க. வெள்ளையா செத்த புழுவைத் தூக்கிப் போட்டா உள்ள ஏதோ சரியில்ல. காது வச்சு பெட்டியை லேசா தட்டினா "உஸ்"ஸுன்னு ஒரே மூச்சுல ஒரு சத்தம் வந்து நிக்கும், அது கூட்டம் நல்லா இருக்கிற சத்தம்.

திறக்கிறப்ப

காலைல ஒம்போது பத்து, இல்ல சாயந்திரம் நாலுக்கு மேல. மழை, காத்து, உச்சி வெயில் வேணாம். முகவலை கண்டிப்பா. வெளிர் கலர் முழுக்கை சட்டை, பேண்ட்டு நுனியை சாக்ஸுக்குள்ள விடுங்க, இதை நான் சொல்லியும் கேக்காம லுங்கியில வந்த கூட்டாளி ஒருத்தன் இருக்கான், மேல சொல்ல வேணாம். சென்ட்டு, வாசனை எண்ணெய், மல்லிப்பூ எதுவும் வேணாம். வாழைப்பழம் தின்னுட்டுப் போகாதீங்க, வெளாட்டுக்கு சொல்லல. ஈ கொட்டினதும் மத்த ஈயைக் கூப்பிட ஒரு வாசனை விடும், அது அச்சு அசல் வாழைப்பழ வாசனை.

புகைப்பான்ல தேங்காய் நாரும் காஞ்ச வேப்பிலையும் போட்டு நல்லா பத்தவச்சு, புகை கைக்கு சூடு தெரியாத அளவுக்கு ஆனதும் வாசல்ல ரெண்டு ஊதல், ஒரு நிமிஷம் விட்டு மூடியைத் தூக்கி ஒரு ஊதல். அவ்ளோதான், மண்டபத்துல சாம்பிராணி போடற மாதிரி போட வேணாம். நம்ம ஈ அதிகப் புகையில அடையை விட்டு ஓடி மூலையில கொத்தா சேந்துக்கும், அப்புறம் ராணியைத் தேடறது கஷ்டம்.

ஓரத்துல இருக்கிற சட்டத்தை முதல்ல எடுத்து வெளிய சாச்சு வச்சுட்டு, கிடைச்ச எடத்துல மத்ததை நகத்தி ஒவ்வொண்ணா தூக்குங்க. பெட்டிக்கு மேலயே புடிங்க, ராணி விழுந்தா பெட்டிக்குள்ள விழணும், புல்லுல விழக்கூடாது. சட்டத்தை எப்பவும் நட்டுக்கவே புடிக்கணும். மறுபக்கம் பாக்கணும்னா தட்டு மாதிரி படுக்கப் போடாதீங்க, வெயில் நாள்ல புது அடை இட்லி மாதிரி மெத்துனு இருக்கும், தன் கனத்துலயே ஒடிஞ்சு விழும். எனக்கு ரெண்டு தடவை விழுந்திருக்கு.

அடையோட கீழ் விளிம்புல நெலக்கடலைத் தோடு மாதிரி தொங்கறது ராணி அறை. நாலஞ்சு தொங்கினா கூட்டம் பிரிஞ்சு போக ரெடி ஆகுது. இடம் பத்தல, தேன் அறையை வைங்க, இல்ல ரெண்டாம் பெட்டிக்குப் பிரிச்சு வைங்க. சும்மா ராணி அறையைக் கிள்ளிப் போட்டுட்டு வந்தா மறுபடி கட்டும்.

எதிரிங்க

முதல் எதிரி எறும்பு. ராத்திரியோட ராத்திரியா கூட்டத்தையே வெரட்டிடும். ஸ்டாண்டோட நாலு காலையும் தண்ணிக் கிண்ணத்துல வைங்க. வேலூர் வெயில்ல அந்தத் தண்ணி ஒரே நாள்ல வத்திடும், ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் விட்டா வத்துறது கொஞ்சம் மெதுவாகும், ஆனாலும் தினம் பாக்கணும். எனக்கு ஒரு தடவை நாலு கிண்ணத்துலயும் தண்ணி தளும்புது, ஆனா பெட்டிக்குள்ள எறும்பு. அரை மணி நேரம் தேடினேன். பின்னாடி இருந்த கருவேப்பிலைச் செடியில ஒரே ஒரு கொழுந்து வளந்து மேல்மூடி ஓரத்தைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு, அது மேல செவ்வெறும்பு வரிசையா பாலத்துல போற மாதிரி போவுது. அன்னிலருந்து வாரம் ஒரு தடவை கத்திரிக்கோலோட ஒரு சுத்து சுத்துவேன்.

அடுத்தது மெழுகுப் பூச்சி. சாம்பக் கலர் அந்துப்பூச்சி, ராத்திரி உள்ள போய் முட்டை வைக்கும், புழு அடைக்குள்ள வெள்ளையா நூல் சுத்தி சுரங்கம் போட்டுக்கிட்டே போவும். அடிப்பலகையில மெழுகுத் தூளோட கருப்பா கடுகு மாதிரி எச்சம் கிடந்தா அதுதான். இதுக்கு மருந்தைத் தேடாதீங்க. பலமான கூட்டத்துல அது வாழவே முடியாது. ஈ மூடாத காலி அடையை உள்ள விட்டு வைக்காதீங்க, கருத்துப்போன பழைய அடையை வெட்டி எடுங்க, அடிப்பலகையை வாரம் ஒரு தடவை சொரண்டி விடுங்க, பெட்டியில விரிசல் இருந்தா அடைங்க. எடுத்த அடையை ஒரு கவர்ல போட்டுக் கட்டி ரெண்டு நாள் ப்ரீசர்ல வச்சீங்கன்னா முட்டை, புழு எல்லாம் செத்துடும். வீட்டுல திட்டு விழும், அது உங்க பாடு. நாப்தலின் உருண்டை மட்டும் போடாதீங்க, அந்த வெஷம் மெழுகுல ஏறி தேனுக்கும் வரும்.

நோய்ல ஒண்ணே ஒண்ணை சொல்றேன். 1991, 92ல தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ் வந்து தென்னிந்தியாவுல நம்ம ஈக் கூட்டத்துல பெரும்பாலானதை அழிச்சுட்டுப் போச்சு, மார்த்தாண்டம் பக்கம் எத்தனையோ குடும்பம் தொழிலை விட்டாங்க. இன்னும் அங்கங்க வருது. ஈ அறையை மெழுகால மூடப் போற நேரத்துல புழு செத்து, அறைக்குள்ள நேரா நீட்டி தலை மேல தூக்கின மாதிரி கிடக்கும், ஊசியால எடுத்தா தண்ணி நிறைஞ்ச சின்னப் பை மாதிரி வரும். இதுக்கு மருந்து இல்ல. அந்தப் பெட்டி சட்டத்தை வேற பெட்டிக்கு மாத்தாதீங்க, கத்தி, கையுறை எல்லாம் கழுவுங்க, ராணியைக் கொஞ்ச நாள் கூண்டுல அடைச்சு முட்டை போடறதை நிறுத்தி, இருக்கிற புழு காலியானதும் விடறதுண்டு, தப்பிச்ச கூட்டத்துலருந்து ராணி எடுக்கறதுண்டு. இதைப் பாத்தீங்கன்னா தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க.

குளவி வாசல்ல நின்னு ஒவ்வொரு ஈயா கவ்விட்டுப் போவும், வாசலை சின்னதாக்கி குளவிக் கூட்டை ராத்திரி தேடி எடுக்கணும். பல்லி ராத்திரி மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல குடித்தனம் பண்ணும். பஞ்சுருட்டானும் கரிச்சானும் கரண்ட் கம்பியில உக்காந்து புடிக்கும், அதுங்களை நான் ஒண்ணும் பண்றதில்ல, அதுங்களும் இந்த ஊர்தான.

பூச்சி, பறவை எல்லாம் சேர்ந்து பண்ற நஷ்டத்தைவிட பெருசு பூச்சிமருந்து. மா பூக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பாங்க, அன்னிக்கு வேலைக்குப் போன ஈ திரும்பாது, திரும்பினது வாசல்ல மல்லாந்து சுத்தி சுத்தி சாகும். நான் பக்கத்துத் தோப்புக்காரர்கிட்ட போய் நின்னேன். "இன்னா நைனா, உன் பூச்சிக்காக நான் மருந்து அடிக்காத இருக்கணுமா? மகசூல் போனா நீ குடுப்பியா?"ன்னாரு. நியாயம்தான. சண்டை போடல, ரெண்டு நாள் கழிச்சு அவரையே கூட்டிட்டு வந்து அவரு மாம்பூவுல என் ஈ உக்காந்து இருக்கறதைக் காமிச்சேன். இப்ப அடிக்கறதுக்கு முந்தின நாள் போன் பண்றாரு, பூ நல்லா விரிஞ்ச நேரத்துல தள்ளிப் போடறாரு, அடிச்சாலும் சாயந்திரம் அஞ்சரைக்கு மேல அடிக்கிறாரு, ஈ அதுக்குள்ள வீடு திரும்பிடும். மறுநாள் காலைல கொஞ்ச நேரம் மட்டும் வாசலைக் கம்பி வலையால மூடி வைப்பேன், நிழல்ல, தண்ணிச் சாக்கு போட்டு. நாள் பூரா மூடினா வெந்து செத்துடும். முதல் வருஷம் அவருக்கு ஒரு சின்ன பாட்டில் தேன் குடுத்தேன், மருந்துக் கம்பெனிக்காரன் சொன்னதைவிட அது நல்லா வேலை செஞ்சுது.

பட்டினி நாள்

ஐப்பசி கார்த்திகை மழையிலயும் கோடைக் கடைசியிலயும் பூ இருக்காது. சட்டத்தோட மேல்பக்கம் மூடின தேன் இல்லன்னா சக்கரைப் பாகு குடுங்க. ஒரு பங்கு சக்கரை, ஒரு பங்கு தண்ணி, கொதிக்க வச்ச தண்ணியில கரைச்சு நல்லா ஆற வச்சு. வெல்லம், கருப்பட்டி வேணாம், ஈக்கு வயித்தாலப் போவும். மூடியில ஊசி ஓட்டை போட்ட சின்ன பாட்டிலைக் கவுத்து உள்ள வைங்க, பொழுது சாஞ்சதும் வைங்க, ஒரு சொட்டு வெளிய சிந்தினாலும் எறும்பும் திருட்டு ஈயும் வந்துடும்.

கொட்டினா

கொட்டும். ஈ வளர்த்துக்கிட்டு கொட்டக்கூடாதுன்னா எப்படி. கொடுக்கு தோல்லயே நிக்கும், அதோட வெஷப் பையும் துடிச்சுக்கிட்டே வெஷத்தைத் தள்ளிட்டு இருக்கும், அதனால நகத்தால சொரண்டி உடனே எடுங்க, எப்படி எடுக்கறதுங்கறதைவிட எவ்ளோ சீக்கிரம்ங்கறதுதான் கணக்கு. சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் வைங்க. சுண்ணாம்பு தடவறது நம்ம ஊர்ப் பழக்கம், அதால வெஷம் முறியாது, தோல்தான் வெந்து போவும். கொட்டின இடம் ரெண்டு நாள் வீங்கி அரிக்கிறது சகஜம், எனக்கு முதல் தடவை புருவத்துல கொட்டி ஒரு கண்ணோட ரெண்டு நாள் ஆபீஸ் போனேன்.

சகஜம் இல்லாதது எதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க: கொட்டின இடம் இல்லாம உடம்பு பூரா தடிப்பு, உதடு நாக்கு முகம் வீக்கம், மூச்சு இழுக்கறது, தொண்டை அடைக்கறது, வாந்தி, தலைசுத்தி மயக்கம். இதுல ஒண்ணு வந்தாலும் அலர்ஜி மாத்திரை போட்டுட்டு படுக்க வைக்காதீங்க. 108க்கு போன் பண்ணி நேரா ஆஸ்பத்திரி, அங்க அட்ரினலின் ஊசி போடணும், நிமிஷக் கணக்குல உயிர் போற விஷயம் இது. ஏற்கனவே பத்து தடவை ஒண்ணும் ஆகலன்னாலும் பதினோராவது தடவை வரலாம். முன்னாடி இப்படி வந்தவங்க, இதய நோய்க்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடறவங்க பெட்டி வாங்கறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க. தனியா ஆளே இல்லாத நேரத்துல பெட்டியைத் திறக்காதீங்க, போன் பாக்கெட்டுல இருக்கட்டும்.

ஒரே நேரத்துல நெறைய கொட்ட ஆரம்பிச்சா கையை வீசாதீங்க, முகத்தைத் துணியால மூடிக்கிட்டு கதவு இருக்கிற ரூமுக்கு ஓடுங்க. கிணத்துல குதிக்கிறது சினிமாவுல. தண்ணிக்கு மேலயே சுத்திக்கிட்டு நிக்கும், மூச்சு வாங்க தலையைத் தூக்கித்தான ஆகணும். குழந்தைக்கு ஏழெட்டு கொட்டு விழுந்தாலே ஒண்ணும் தெரியலன்னாலும் ஆஸ்பத்திரியில காட்டிடுங்க.

பெட்டி வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சதும் தெருவே உங்களை எக்ஸ்பர்ட் ஆக்கிடும். "ஸ்கூல் டேங்க்ல மலைத்தேன் கட்டியிருக்கு, வந்து எடுத்துக் குடுங்க"ன்னு வருவாங்க. போகாதீங்க. அது வேற ஜாதி, நூத்துக்கணக்குல தொரத்தும். தீயணைப்புத் துறைக்கு சொல்லச் சொல்லுங்க.

தேன் எடுக்கறது

ரெண்டாம் வருஷம் பங்குனி சித்திரையில பாருங்க. அமாவாசை கணக்கு, பௌர்ணமி கணக்கு எல்லாம் மலையில தேன் எடுக்கறவங்க சொல்றது, பெட்டிக்கு ஒரே கணக்குதான்: தேன் அறையில அடையோட முக்கால் பங்கு வெள்ளை மெழுகால மூடி இருக்கணும். மூடலன்னா தண்ணி இன்னும் வத்தல, எடுத்தா பாட்டில்ல புளிச்சு நொரைக்கும். தேன் அறையில இருந்து மட்டும் எடுங்க, புழு அறையில கை வைக்காதீங்க, அதுல இருக்கறது கத்திரி வெயிலுக்கு அதுங்க சேத்து வச்சது. தேன் எடுக்கும் கருவியைப் பயிற்சி எடுத்த இடத்துல, தெரிஞ்சவங்ககிட்ட இரவல் கேளுங்க, ரெண்டு பெட்டிக்கு வாங்க வேணாம். பிழியாதீங்க, கருவியில போட்டு சுத்தி எடுத்தா அடை முழுசா திரும்பக் கிடைக்கும், மறுபடி மெழுகு செய்யற வேலை ஈக்கு மிச்சம். கதவு ஜன்னல் சாத்தின ரூம்ல பண்ணுங்க, நான் முதல் தடவை திண்ணையில உக்காந்து பண்ணேன், கால் மணி நேரத்துல என் ஈயே என்கிட்டருந்து அதைத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்துடுச்சு. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூட நாக்குல தடவாதீங்க, பேர் வைக்கிற அன்னிக்கும்தான்.

தேன் எடுத்த ஈர அடையை அன்னிக்கே பொழுது சாஞ்சதும் பெட்டியில திருப்பி வச்சிடுங்க, பகல்ல வச்சா திருட்டு வரும். ராத்திரியில எல்லாத்தையும் நக்கி சுத்தம் பண்ணிடும். காலைல டீயை எடுத்துட்டுப் போங்க, கிண்ணத்துல தண்ணி இருக்கான்னு பாத்துட்டு, பக்கவாட்டுல உக்காருங்க.